தாய்வீட்டுக்குப் போனவர்கள்

பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணைப் பற்றி எங்கள் பக்கம் யாரும் கவலைப்படுவதில்லை. விசாரணைக் குழுவுக்கு மூன்று வரியில் பதில் கொடுத்தேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் கிராம நர்ஸ். குடியிருப்பது அறந்தாங்கியில், கட்டுமாவடி பஸ்ஸில் போய் நான்கு ஊர்களைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் எல்லோரும் என் டேப்லெட்டில் இருப்பார்கள். ரத்தக்கொதிப்பு ஏறினால் பெயர்மேல் சிவப்பு விழும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்வரை மேலேயிருந்து போன் வந்துகொண்டேயிருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாத மீட்டிங்கில் சிவப்பு அதிகமுள்ள நர்ஸ் எழுந்து நிற்க வேண்டும்.

"புள்ளத்தாச்சியப் பாக்குறீங்களா, பஸ்ல தூங்கிட்டு வாறீங்களா?" என்று அதிகாரி ஒருமுறை கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

'தாய்வீடு சென்றார்' என்று பதிந்தால் பெயர் அந்த ஊர் நர்ஸுக்குப் போய்விடும். போகாதவர்களையும் அப்படிப் பதிந்தேன். பதினோரு பேர். பத்துப் பேர் நல்லபடியாகப் பெற்றெடுத்தார்கள்.

பதினோராவது என் மகள் சரண்யா. என் பகுதியிலேயே கட்டிக்கொடுத்திருந்தேன். எட்டாம் மாதம். வெள்ளிக்கிழமை நானே பிரஷர் பார்த்தேன், நூற்றைம்பதுக்கு நூறு. கால் வீங்கியிருந்தது. திங்கட்கிழமை மீட்டிங், ஏற்கெனவே இரண்டு சிவப்பு. அவளுடைய தாய்வீடு என் வீடுதானே. மீட்டிங் முடிந்ததும் கூட்டிவரப் போகிறேன். மூன்று நாள் முன்னதாகப் பதிந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் எங்கள் தெருவைப் பார்க்கும் நர்ஸ் ரிஃபானா போன் செய்தாள்.

"அக்கா, ஒங்க மக எங்க லிஸ்ட்ல வந்திருக்கு. வந்து பாக்கவா?"

"இங்கதான் தூங்குறா. ஒனக்கு எதுக்கு அலைச்சல்? நர்ஸ் பெத்த புள்ளைக்கு இன்னொரு நர்ஸா?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்தாள்.

ஞாயிறு மதியம் மாமியார் வீட்டிலிருந்து சரண்யா போனில் கூப்பிட்டாள். "அம்மா, மண்டையப் பொளக்குது. கண்ணு மங்கலாத் தெரியுது."

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று மற்ற பெண்களுக்குப் படம் காட்டிச் சொல்லிக்கொடுப்பவள் நான். ஆனால் ஆம்புலன்ஸை அழைத்தால், எந்த ஊரில் ஏற்றினார்கள் என்பது பதிவாகும்.

"வெயிலும்மா. தண்ணியக் குடிச்சுட்டுப் படு. நாளைக்கு வாரேன்."

"சரிம்மா" என்றாள். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை அவளுக்கு.

திங்கள் காலை வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இரண்டு உயிரும் போயின. சம்பந்தியம்மா கண்ணாத்தாள் பதினான்கு முறை கூப்பிட்டிருந்தார். மீட்டிங்கில் என் போன் சைலண்டில் கிடந்தது. அன்றைக்கு என்னை யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை.

குழுவுக்கு நான் கொடுத்த மூன்று வரி இதுதான்: வெள்ளிக்கிழமையிலிருந்து மகள் என் வீட்டில் இருந்தாள். ரிஃபானா வந்து பார்க்கவில்லை. ஞாயிறு மாலை சொல்லச் சொல்லக் கேளாமல் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

கண்ணாத்தாள் என் முகத்தைப் பார்த்தார். பெற்றவள் சொல்வதை மறுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது.

ரிஃபானாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நல்ல பெண்தான். நான் என்ன சொல்லியிருந்தாலும், ஒரு எட்டு வந்து பார்த்திருக்கலாம்.