பிய்த்த கோழி

கிரில் சிக்கனை ஆறவிடக் கூடாது. கை பொறுக்கும் சூட்டிலேயே பிய்த்துவிட வேண்டும். ஆறிவிட்டால் சதை எலும்பை விடாது. இழுக்கும்போது விலாப்பக்கத்துச் சிறு எலும்புகள் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். சூப்பில் போட்ட பிறகு அவற்றைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. விரலுக்குத்தான் தெரியும்.

என் மாமியாருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து அவருடைய சாப்பாடு என் பொறுப்பு. பொடி எலும்புகூட இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைக் கோழியை வெள்ளைத் தட்டில் பரப்பி ஒவ்வொரு நாராக உருட்டிப் பார்ப்பேன். பிறகு வெங்காயமும் மிளகும் சேர்த்துக் குழையவிடுவேன்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அத்தை சொல்வார். "எம் மருமக நல்லாப் பிச்சுப் போடுவா. சமைக்கத்தான் வராது. அதுக்குத்தான் கடைக்காரன் இருக்கானே."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தார். அன்று பச்சைக் கோழி வாங்கித் தயிரில் ஊறவைத்து நானே குழம்பு செய்தேன். அத்தையின் பங்கைத் தனியாக எடுத்து, காரம் குறைத்து, பிய்த்து, சூப்பாகக் குழையவைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வாங்கினார். நாக்கால் வெளியே தள்ளினார்.

"நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும். டேய், கடைக் கோழி ஒண்ணு வாங்கிட்டு வாடா."

"விடும்மா, அண்ணி ஏதோ ஆசையாப் பண்ணியிருக்காங்க" என்றார் நாத்தனார். உதட்டை மடித்து வைத்திருந்தார்.

என் கணவர் என் பக்கம் பார்க்காமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அவர் கொண்டுவந்த கோழியைச் சூட்டோடு பிய்த்தேன். சதை ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தோன்றியது. கடைக் கோழியை மூடி வைத்துவிட்டு, பாத்திரத்தில் மிச்சமிருந்த என் கோழிச் சூப்பையே சூடாக்கி, வேறு கிண்ணத்தில் கொண்டுபோனேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். "இது கோழி" என்றார். "பாத்துக் கத்துக்கோ." கிண்ணத்தை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்று நீட்டினார்.

நான் கோபப்படவில்லை. குழப்பம் தீர்ந்த மாதிரி இருந்தது. என் சமையலில் குறை இருந்ததில்லை என்பது அன்றைக்குத் தெளிவாகிவிட்டது. சமையலறைக்குப் போனேன். ஒதுக்கிய எலும்புகளில் மெல்லியதாக, முனை கூராக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நீளமான ஒரு நாரில் அதைச் சுற்றினேன். அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மேலே சூப்பை ஊற்றினேன்.

அந்தக் கவளத்தை நானே ஊட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நாத்தனார் தண்ணீருக்கு ஓடினார், என் கணவர் முதுகைத் தட்டினார். அடுப்பில் மிச்சச் சூப் பொங்கும்போல இருந்தது. நான் போய் அணைத்துவிட்டு வந்தேன்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. "அண்ணி கவனிக்கலை, பாவம்" என்று நாத்தனார் ஸ்டேஷனில் உங்களிடம் சொல்லியிருக்கிறார். என் கணவர் இரண்டு நாளாக என் தலையைத் தடவிக்கொண்டே இருக்கிறார். "அழாதம்மா. பிச்சுப் போடுறப்ப ஒண்ணு தவறியிருக்கும். யாருக்கும் நடக்கறதுதான்." நான் அழவேயில்லை என்பதைக்கூட அவர் பார்க்கவில்லை. நீங்களும் கவனக்குறைவு என்று எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள்.

அதில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. அந்த எலும்பை நான்தான் வைத்தேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சரியாகப் பிய்க்கத் தெரியாதவள் என்று மட்டும் எழுதாதீர்கள்.