ஐந்தாம் வரிசைக் காய்

குடைமிளகாய் வாங்கும்போது பெரும்பாலோர் தோலின் பளபளப்பைப் பார்த்து ஏமாறுகிறார்கள். காம்பைப் பார்க்க வேண்டும். காம்பு பச்சையாக, விறைப்பாக இருந்தால் பறித்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். பளபளப்பு எதனால் வேண்டுமானாலும் வரும். இதை நான் சொன்னபோது இன்ஸ்பெக்டர் வேல்சாமி, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். சரி என்று கேட்டதற்கு மட்டும் சொன்னேன். ஏட்டு அதை எழுதி நீட்டினார். முதல் வரியிலேயே "பச்சைமிளகாய்த் தோட்டத்தில்" என்று இருந்தது. அப்படிப்பட்ட தாளில் கையெழுத்துப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. நானே எழுதித் தருகிறேன் என்று வெள்ளைத் தாள் வாங்கிக்கொண்டேன்.

என் பெயர் தவசி. வயது ஐம்பத்தெட்டு. கடலாடிப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு நாலு தலைமுறையாக நிலம் உண்டு. இருபத்திரண்டு வருடம் ஒரு விதை நிறுவனத்தில் களப்பணி பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். எங்கள் பக்கத்துச் சாகுபடியாளர் சங்கம் என்னை ஆலோசகராக வைத்துக்கொண்டது. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு என்றார்கள். கூட்டத்துக்குப் போனால் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுவார்கள், அது உண்மை. ஆனால் கூத்தையா உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பார்கள். அவனுக்கு நாற்காலியே வேண்டியிருக்கவில்லை. வேட்டியை மடித்துத் தரையில் உட்கார்ந்துகொள்வான்.

கூத்தையா யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்றரை ஏக்கரில் முண்டு மிளகாய், அதாவது எங்கள் பக்கத்துக் குண்டு மிளகாய், போடுகிறவன். படிப்பு இரண்டாம் வகுப்பு. பொடி போடுகிற பழக்கத்தில் மூக்கு செத்துப்போனவன், அதனால் எதையும் வாயில் போட்டுத்தான் பார்ப்பான். மண்ணைக்கூட நாக்கில் வைத்து உப்பு சொல்வான். ஒருமுறை நான் மண் மாதிரி அனுப்பி, பதினைந்து நாள் காத்திருந்து, ஆய்வு முடிவை வாங்கி வந்தேன். கூத்தையா சொன்னதும் அதில் இருந்ததும் ஒன்றுதான். அதற்காக நான் அவன்மேல் கோபப்பட்டேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் பிறகுதான் வந்தது.

குடைமிளகாய் யோசனை என்னுடையது. ராமேஸ்வரத்துக்கு வடக்கிலிருந்து யாத்திரை வருகிறவர்களுக்கு லாட்ஜ்களில் அது இல்லாமல் சாப்பாடு இறங்காது. மதுரை வழியாக லாரியில் வந்து சேர்வதற்குள் பாதி அழுகிவிடும். லாட்ஜ்களுக்குக் காய்கறி போடுகிற பாக்கர், இங்கேயே விளைந்தால் முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கூத்தையாவைச் சேர்க்காமல் பதினாறு குடும்பங்கள் ஒரு பருவம் முண்டு மிளகாயை விட்டுவிட்டு இதைப் போட ஒப்புக்கொண்டன. எந்த ரகத்தைப் போடுவது என்பதுதான் மிச்சம். தப்பான ரகம் என்றால் பதினாறு வீட்டிலும் அந்த வருடம் அடுப்பு எரியாது. அந்தப் பொறுப்பை நான் உணர்ந்தே இருந்தேன்.

2005 கார்த்திகையில் என் நிலத்தில் நிழல்வலை கட்டி, ஐந்து ரகங்களை ஐந்து வரிசையாக நட்டேன். ரகங்களின் பெயரை யாருக்கும் சொல்லவில்லை. விதைப் பொட்டலத்துப் பெயர்கள் எல்லாம் பந்தயக் குதிரைப் பெயர்போல இருக்கும், ஜனங்கள் மயங்கிவிடுவார்கள். ஒன்று முதல் ஐந்து வரை எண் மட்டும். இருநூறு பக்கப் பதிவேடு ஒன்று தைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டேன். என்ன செய்தாலும் நேரத்தோடு அதில் எழுதினேன். மருந்து அடித்தால் அந்த வரிசையின் தலைப்பில் அடித்திருக்கும் முளைக்குச்சியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், அவிழ்க்கும்வரை யாரும் காயைத் தொடக் கூடாது. கட்டிய நேரமும் அவிழ்த்த நேரமும் பதிவேட்டில் ஏறும். இது நான் போட்ட விதி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் சிவப்பு புரியும் அல்லவா?

மூன்றாம் நம்பரைப் பார்த்திருக்கிறீர்களா? இன்ஸ்பெக்டர் பார்த்திருக்க மாட்டார், அவர் வருவதற்குள் செடி காய்ந்துவிட்டது. நாலு அறை, தடித்த சதை, கையில் எடுத்தால் கனம். காம்பு மேலே இருக்க வைத்தால் சட்டியில் நாலு காலில் நிற்கும். லாட்ஜ் சமையற்காரர்கள் உள்ளே உருளைக்கிழங்கு அடைக்கத் தோதானது. ஐந்தாம் நம்பர் சின்னக் காய், மூன்று அறை, மெல்லிய தோல், ஒரு பக்கம் கோணல். இலை மட்டும் அடர்த்தி, காயை வெயிலிலிருந்து மறைத்துக்கொள்ளும். அதன் அழகுக்கு மறைத்துக்கொள்வதே நல்லது.

மாசியில் ஒரு நாள் எல்லோரும் இந்தச் சோதனைத் திடலைப் பார்க்க வந்தார்கள். பாக்கரும் வந்திருந்தார். நான் ஒரு மணி நேரம் பேசினேன், ஏற்றுமதித் தரம் வரைக்கும் சொன்னேன். முடிந்ததும் யாரோ, "கூத்தையா, நீ என்னய்யா சொல்ற?" என்றார்கள். அவன் மூன்றில் ஒன்றும் ஐந்தில் ஒன்றும் பறித்து, கடித்து, மென்று, விதையோடு விழுங்கினான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"சார், மூணாம் நம்பரு பாக்க புது மாப்பிள்ள மாதிரித்தான் இருக்கு. ஆனா வெயிலு ஏறுனா வேலைக்குப் போகாது. இங்கன பாருங்க, இப்பவே பூவ உதுத்துட்டு நிக்கிது. அஞ்சு கோணக்காயா இருந்தாலும் நம்ம உப்புத் தண்ணியக் குடிச்சிட்டு ஒழைக்கும்."

பதினாறு பேரும் சிரித்தார்கள். பாக்கரைச் சேர்த்தால் பதினேழு. நான் எண்ணினேன். அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு ரகத்தை முடிவு செய்வது என்று பேசிக் கலைந்தார்கள். போகும் வழியில் ஒருவன் இன்னொருவனை "ஏலே புது மாப்பிள்ள" என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. சுருக்கென்று வந்து அப்படியே தங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன். எடையில் ஐந்தாம் நம்பர் முன்னால் இருந்தது. பூ உதிராமல் நின்ற கணக்கிலும் அதுதான். எல்லாம் என் கையாலேயே எழுதியவை.

"நம்பரத்தான மாத்தணும்? நாலு எடத்துல திருத்திட்டுப் போயிருக்கலாமே. எதுக்குய்யா ஒரு உசுரு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு பொறுப்பான அதிகாரி இப்படியா பேசுவது? எழுதிய எடையைத் திருத்துவது மோசடி. இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு கிராமைக்கூட நான் திருத்தியதில்லை. பதிவேட்டில் கை வைக்க முடியாது என்று ஆகிவிட்டபின், கை வைக்கக்கூடியது எது என்றுதான் யோசிக்க வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு காலை ஆறரைக்கு ஐந்தாம் வரிசைக்கு மருந்து அடித்தேன். அளவு மூடியைத் தேடவில்லை. பதிவேட்டில் "அளவு: கண் மதிப்பு" என்று எழுதியிருப்பேன், பாருங்கள். துணியும் கட்டினேன். எட்டு மணிக்குள் மருந்து உலர்ந்து, காயெல்லாம் பளபளவென்று இருந்தது. எட்டு பத்துக்குத் துணியை அவிழ்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எட்டரைக்குக் கூத்தையா வந்தான். கூட்டத்துக்கு முன்னால் வந்து கடைசியாக ஒருதரம் பார்த்துச் சொல் என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். ஆலோசகர் தன் கருத்தைக் கேட்கிறார் என்பதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான்.

உள்ளே நுழைந்ததும் முளைக்குச்சிகளைப் பார்த்தான். அது அவன் வழக்கம். ஐந்திலும் துணி இல்லை. பிறகு நேரே ஐந்தாம் வரிசைக்குப் போய், ஒன்றைப் பறித்துத் தின்றான். இன்னொன்று. மூன்றாவதைப் பாதியில் நிறுத்தி, "கசக்குதே சார்" என்றான்.

"உப்புத் தண்ணி ஜாஸ்தியாயிருச்சோ என்னவோ. நல்லாப் பாரு" என்றேன். நான் சொன்னேன் என்பதற்காக மிச்சத்தையும் தின்றான். பெரியவர்கள் சொல்வதைக் கேட்கிற குணம் அவனுக்கு இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. வாயில் நுரை தள்ளியது. வரப்பில் உட்கார்ந்து முளைக்குச்சியையே பார்த்தான். "துணி இல்லையே சார்" என்றான். என்னைக் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. தான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று சந்தேகப்படுகிறவன் குரல். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. எட்டு ஐம்பத்தைந்துக்குத் துணியை மறுபடி கட்டிவிட்டு, சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். அவர்கள் கொண்டுவந்த வேனில் அவன் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு அடங்கிவிட்டது.

திரும்பி வந்தவர்கள் எல்லோரும் சிவப்புத் துணியைப் பார்த்தார்கள். விதியை மீறித் தின்றுவிட்டான் என்று முடிவாயிற்று. அவன் மனைவி பூமயில் மட்டும், "துணி கட்டுன வரிசையில அவுக கால வைக்க மாட்டாக சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். துக்கத்தில் எல்லோரும் சொல்வதுதானே என்று அவளை உட்கார வைத்தார்கள்.

ஐந்தாம் நம்பர் தோல் மெல்லியது என்று நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். அது விஞ்ஞான உண்மை. "மெல்லிசுத் தோலு மருந்த உறிஞ்சிக்கிருது, அது ஆள் முழுங்கிக் காயி" என்று ஊர்தான் பேசிக்கொண்டது. ஒரு ரகத்தின்மேல் பழி போடுவது மூடத்தனம் என்று நான் இரங்கல் கூட்டத்திலேயே எடுத்துச் சொன்னேன். யார் கேட்டார்கள்? பதினாறு பேரும் மூன்றாம் நம்பரைப் போடுவது என்று முடிவு செய்தார்கள். படிப்பறிவு இல்லாத இடத்தில் நான் என்ன செய்ய முடியும்?

அடுத்த கார்த்திகையில் நட்டார்கள். செடி அருமையாக வந்தது. தை பாதியில் வெயில் ஏறியது, பூ கொட்டியது. மாசியில் கூட்டி அள்ளுகிற அளவுக்குக் கொட்டியது. பாக்கர் ஒருநாள் வண்டியோடு வந்து வெறும் வண்டியோடு திரும்பினார், அதற்குப் பிறகு வரவில்லை. நாலு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டது. அந்த வருட வெயில் அசாதாரணமானது என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

திடலுக்கு வாங்கியதில் மிஞ்சிய ஐந்தாம் நம்பர் விதைப் பொட்டலத்தைப் பூமயில் கேட்டு வாங்கிப் போயிருந்தாள். மறுக்கக் காரணம் இல்லை. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். தன் கிணற்றோரம் மூன்று சென்டில் நட்டு, பழைய சேலைகளைச் சேர்த்துத் தைத்து நிழல் கட்டியிருக்கிறாள். பங்குனியில் ஒருநாள் தலையில் கூடையோடு என் வீட்டுக்கு வந்தாள். கூடை நிறையக் கோணக்காய்.

"விக்கிறதுக்கு வரல சார். இந்த எடையும் அந்தப் பதிவேட்டுல ஏறணும். அவுக சொன்னது சரின்னு அதுல இருக்கணும்" என்றாள்.

நியாயமான கோரிக்கை. ஊரில் முதல்முறையாக ஒருவர் என் பதிவேட்டை மதித்துக் கேட்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. போன வருட எடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து வை என்று பதிவேட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, தராசு எடுக்க உள்ளே போனேன். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தேன், ஏனென்றால் பதிவேட்டில் மறைக்க ஒன்றும் இல்லை.

திரும்பி வந்தபோது நாற்பத்தோராம் பக்கத்தில் விரலை வைத்து நின்றாள். "வரிசை ஐந்து. துணி கட்டியது 6.50. அவிழ்த்தது 8.10. மீண்டும் கட்டியது 8.55."

"இது ஒங்க கையெழுத்துத்தான சார்?" என்றாள்.

"ஆமா" என்றேன். வேறு யாருக்கு அப்படித் திருத்தமாக எழுத வரும்? அவள் கத்தவில்லை. கூடையை அங்கேயே வைத்துவிட்டு, பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கடலாடி பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்கலாமே என்று ஏட்டுகூடக் கேட்டார். எண் போட்ட பக்கத்தை எப்படிக் கிழிப்பது?

ஆக, கூத்தையாவைக் கொன்றது நான்தான். யாரும் என்னை அடிக்கவோ மிரட்டவோ இல்லை.

ஒரு வேண்டுகோள். பதிவேடு இப்போது போலீஸ் வசம் இருக்கிறது. பூமயில் கொண்டுவந்த காயை அன்று சாயங்காலமே நிறுத்துப் பார்த்தேன். பதினொன்றரைக் கிலோ. அதை நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஏற்ற அனுமதி வேண்டும். இன்னொன்றும் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை கூத்தையா தின்ற மூன்று காயை நிறுக்காமல் விட்டுவிட்டேன். ஐந்தாம் வரிசை எடையில் ஏறக்குறைய இருநூறு கிராம் குறைகிறது. அதை நினைத்தால்தான் எனக்கு மனது உறுத்துகிறது.