பதினோரு உலர்ந்த நாட்கள்

காலை ஐந்து நாற்பது. நடக்கிறோம். ஆஸ்பத்திரியின் பக்கவாட்டுக் கேட் பால் வண்டிக்காகத் திறந்திருந்தது. அந்த வழியாக வெளியே வந்துவிட்டோம். யாரும் கேட்கவில்லை. நான் முன்னால். தங்கச்சி தவமலர் மூன்றடி பின்னால். அவள் உடம்பிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் வருகிறது. குழாயின் முனையில் சிறுநீர்ப் பை. பையைச் சேலைக்குள் தொடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அறுவை முடிந்து இது பன்னிரண்டாம் நாள். குழாய் இருபத்தொரு நாள் இருக்க வேண்டும்.

"அண்ணா, மெல்லப் போங்கோ. குலுங்குது."

மெல்லப் போகிறேன். தருமபுரி பஸ் நிலையம் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ குலுக்கும் என்று நடக்கிறோம். மத்தியானத்துக்குள் திரும்பிவிட வேண்டும். சிஸ்டர் தேடுவதற்குள்.

முன்பும் ஒரு தடவை இப்படி நடந்தோம். வன்னியில். கடலை நோக்கி. அப்போது அவளுக்கு வயிற்றில் ஒன்பது மாதம்.

வியாழக்கிழமை. மாலை நாலரை. மணல் சுடுகிறது. ஷெல் புறப்படும்போது தூரத்தில் ஒரு சத்தம் கேட்கும். யாரோ கதவைத் தட்டுவது போல. அதிலிருந்து எண்ண வேண்டும். எட்டு வரை எண்ண முடிந்தால் வேறு யாருக்கோ. நாலுக்குள் சீழ்க்கை கேட்டால் நமக்கு. அன்று மூன்றுக்குள் கேட்டது.

"படுங்கோ! படுங்கோ!"

"பங்கருக்க இறங்கு! பிள்ளைத்தாச்சியைப் பிடி!"

பங்கருக்குள் விழுந்தோம். அங்கேயே அவளுக்கு வலி தொடங்கியது. அவள் புருஷன் இரண்டு வாரத்துக்கு முன் தண்ணீர் எடுக்கப் போனவன் திரும்பவில்லை. அம்மா இருந்தாள். பக்கத்துப் பங்கரிலிருந்து பரிமளம் அக்கா வந்தாள். பிரசவம் பார்த்த கை அவளுடையது. ஆஸ்பத்திரியாக்கிய பள்ளிக்கூடம் அரை மணி நடை. மூன்று முறை தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். மூன்று முறையும் ஷெல் எங்களைத் திருப்பி உள்ளே தள்ளியது. வெள்ளிக்கிழமை காலை அம்மா தண்ணீர் சுட வைக்க வாசலுக்கு ஏறினாள். கழுத்தில் ஷெல் சிதறல். சத்தம் போடாமல் சாய்ந்தாள். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பிள்ளை வந்தது. ஆண். அழவில்லை. பரிமளம் அக்கா துவாயில் சுற்றி என் கையில் தந்தாள். சாப்பாட்டுத் தட்டால் மணலைத் தோண்டினேன். அம்மாவுக்குப் பக்கத்திலேயே.

ஆறாம் நாள் தங்கச்சி நனையத் தொடங்கினாள். அப்போது படகில் இருந்தோம். படகில் எல்லோரும் நனைந்திருந்தோம். தெரியவில்லை. கரைக்கு வந்தோம். எல்லோரும் காய்ந்தார்கள். அவள் காயவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது தருமபுரி மாவட்டம். பாப்பாரப்பட்டியைத் தாண்டி ஓர் அணைக்கரை அகதி முகாம். ஒரு அறை, ஒரு அடுப்பு. பதினாறு வருடம் அங்கே இருந்தாள். நான் இருந்தேன் என்று சொல்ல முடியாது. எட்டாவது வரை படித்தவன். ஓரிடத்தில் கால் தரிக்காது. ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் பைப் மாட்டினேன். செங்கல் சூளை, கல் குவாரி, ஓசூரில் கம்பெனி, கேரளாவில் பெயின்ட். வாரக் கணக்கில் போய்விடுவேன். திரும்பி வரும்போது அவள் வாசலுக்கு வெளியே, தனியாக ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பாள். பொதுக் குழாயில் வரிசை நிற்க மாட்டாள். எல்லோரும் எடுத்த பிறகு போவாள். பஸ் ஏற மாட்டாள். கலியாணம், செத்தவீடு எதற்கும் போக மாட்டாள். அடிக்கடி துணி துவைப்பாள். நான் கேட்கவில்லை. பெண்கள் சமாச்சாரம் என்று விட்டேன். இதையும் எழுத வேண்டும். நான் கேட்கவில்லை.

போரில் செத்தவர்களுக்குப் பட்டியல் இருக்கிறது. கை கால் போனவர்களுக்கும் இருக்கிறது. தங்கச்சியின் காயம் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பெண் முகாமுக்கு வந்தாள். இலவசமாக வைத்தியம் பார்க்கும் ஓர் ஆஸ்பத்திரியின் ஆள். மைக் வைத்துக் கூப்பிடவில்லை. நோட்டீஸ் கொடுக்கவில்லை. வீடு வீடாகத் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எங்கள் கொடியில் பழைய சேலைக் கிழிசல்கள். இருபதுக்கு மேல். கைக்குழந்தை இல்லாத வீடு. நின்றாள். தண்ணீர் கேட்டாள். கல்லில் தங்கச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம். பதினாறு வருடத்தில் அவ்வளவு நெருக்கத்தில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவள் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எனக்கும் புரியும்படி சொன்னார். பிள்ளையின் தலை இரண்டு நாள் எலும்பில் அழுத்தியபடி நின்றுவிட்டது. நடுவில் இருந்த சதை செத்தது. செத்த இடத்தில் ஓட்டை. ஓட்டை வழியாக மூத்திரம் தானாக ஒழுகுகிறது. அவளால் அடக்க முடியாது. தைத்தால் மூடலாம். காசு வேண்டாம். தைத்த பிறகு மூத்திரப்பை நிரம்பக் கூடாது. நிரம்பினால் தையல் விட்டுவிடும். அதற்குத்தான் குழாய். குழாய் ஒரு நிமிஷம்கூட அடைபடக் கூடாது.

வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். காலையும் மாலையும் சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலிலும் மூன்று கேள்வி கேட்பார். "குடிச்சியா? ஓடுதா? காஞ்சிருக்கா?" ஆண்கள் வராந்தாவில் நிற்கலாம். ஜன்னல் வழியாகக் கேட்கும்.

தங்கச்சி முதல் கேள்வியிலேயே தோற்றாள். பதினாறு வருடம் நாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் வாழ்ந்தவள். குடித்தால் ஒழுகும் என்று குடிக்காமல் பழகியவள். செம்பைக் கையில் கொடுத்தால் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பக்கத்துக் கட்டிலில் சின்னப்பொண்ணு. சித்தேரி மலைக்காரி. மூன்று நாள் வலியோடு கீழே இறக்கி வந்தார்களாம். அதே ஓட்டை.

"ஏம் புள்ள, ஒட்டகங்கூட வாரத்துக்கு ஒருக்கா குடிக்குமாம். நீ காத்தக் குடிச்சே பொழச்சியா?"

"குடிக்கிறன் அக்கா."

"எங்க குடிக்கிற? செம்பக் கையில வெச்சிக்கிட்டு சாமி கும்புடுற. அண்ணே, ஒங்க தங்கச்சியப் பாருங்க. எங்க வூட்டு எருமகூட இவ்ளோ பிகு பண்ணாதுங்க."

வார்டு முழுதும் சிரித்தது. தங்கச்சியும் சிரித்தாள். குடித்தாள். நாலாம் நாளில் இரண்டு செம்பு. ஏழாம் நாளில் கணக்கில்லாமல். மூன்றாவது கேள்விக்கு ஒவ்வொரு காலையும் ஒரே பதில். "காஞ்சிருக்கு." ஒன்பதாம் நாள் வராந்தாவுக்கு வந்து என்னிடம் சொன்னாள். "அண்ணா, படுக்கை விரிப்பு சத்தம் போடுது. மொரமொரண்டு." காய்ந்த விரிப்பில் புரண்டால் சத்தம் வரும் என்பதை மறந்திருந்தாள்.

பதினோராம் நாள் முகாமிலிருந்து போன். மறுநாள் பதிவு. முகாமில் மாதம் ஒரு நாள் அதிகாரி வருவார். ஆள் நேரில் நின்று பெயரைச் சொல்ல வேண்டும். நான் ஒரு தடவை போர் வண்டியோடு வடக்கே போய் மூன்று பதிவு தவறினேன். பெயரை எடுத்துவிட்டார்கள். திரும்பச் சேர்க்கப் பதினான்கு மாதம் அலைந்தேன். அந்தப் பயம். ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கலாம் என்று தெரியும். ஆனால் கட்டிலில் தொங்கும் அட்டையில் நோயின் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்திருந்தேன். கடிதத்திலும் அதுதான் இருக்கும் என்று நினைத்தேன். வரிசையில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள் என்று நினைத்தேன். தங்கச்சி சொன்னாள், "கடிதம் வேண்டாம் அண்ணா. போயிட்டு வந்திடுவம். நான்தான் காஞ்சிருக்கிறனே."

கேட்காமல் கிளம்பினோம்.

ஆறு பத்து. பஸ் நிலையம். பை தளும்புகிறது. ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். தங்கச்சி தலை குனிந்தாள். இலவசக் கழிப்பறைக்குள் போய்ப் பையைக் கழற்றிக்கொண்டு வந்து என்னிடம் தந்தாள். மஞ்சள் துணிப்பையில் போட்டேன். குழாயின் முனையை மடித்துக் கட்ட வேண்டும். மருந்துப் பொட்டலத்தில் ஒரு ரப்பர் பேண்ட் இருந்தது. எப்படி மடிப்பது, எத்தனை சுற்று என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பாப்பாரப்பட்டியில் இறங்கியதும் அவிழ்த்துவிடலாம். அரை மணி நேரம்தானே.

பாப்பாரப்பட்டியில் சந்தை நாள். பஸ் நிறையக் கூடைகள். முகாம் வழியாகப் போகும் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது.

"ஏறுங்க ஏறுங்க! இத வுட்டா பத்தரைக்குத்தான்!"

ஏறினோம். அவளுக்கு உட்கார இடமில்லை. காலையில் கிளம்பும்போது இரண்டு செம்பு குடித்திருந்தாள். சிஸ்டர் சொன்னபடி.

முகாம். எட்டே கால். வரிசை ஏற்கெனவே நின்றுவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம். பெண்கள் ஒரு பக்கம். நான் சைகை காட்டினேன். வீட்டுக்குப் போய் அவிழ்த்துவிட்டு வா. இருபதடி தூரம்தான். அவள் தலையாட்டினாள். மாட்டேன் என்று.

ஏன் என்று அப்போதே தெரிந்தது. யோகம் அக்கா அவள் தோளில் கை போட்டிருந்தாள். பதினாறு வருடம் அடுத்த வீடு. ஒரு தடவைகூடப் பக்கத்தில் நின்றதில்லை. மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு போகிறவள்.

"என்ன பிள்ளை, முகம் தெளிஞ்சு கிடக்கு. அண்ணன் மாப்பிள்ளை பாத்திட்டானோ?"

"சும்மா இருங்கோ அக்கா."

"வெக்கத்தைப் பார். கிழவன் எண்டாலும் பரவாயில்லை, பல்லு இருக்கோ எண்டு பாத்துக் கட்டு."

நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். சுற்றி நின்றார்கள். யோகம் அக்கா தன் பேரனை அவள் கையில் கொடுத்தாள். தங்கச்சி வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தை விட்டு அவள் நகர மாட்டாள். நான் போய் இழுத்து வந்திருக்க வேண்டும். வரிசையை விட்டால் என் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று நின்றேன்.

அதிகாரி வரத் தாமதம். ஒன்பது மணி. ஒன்பதரை. அவள் உதட்டைக் கடித்தாள். நெற்றியில் வேர்வை. ஒரு சத்தமும் இல்லை. பங்கருக்குள்ளும் அவள் சத்தம் போட்டதில்லை.

பத்து இருபது. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பிள்ளையை இறக்கிக் கொடுத்துவிட்டு இரண்டடி வைத்தாள். நின்றாள். சேலை நிறம் மாறியது. தண்ணீர் மண்ணில் ஓடியது. குழாய் வழியாக அல்ல.

பெண்கள் விலகினார்கள். யோகம் அக்கா பேரனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். நடுவில் ஒரு வட்டம். அதில் தங்கச்சி மட்டும். அவள் என்னைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு பெயரைச் சொன்னாள். "தவமலர்."

அதிகாரி எழுந்துவிட்டார். குழாயின் முனையைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, ஆஸ்பத்திரியில இருக்கீங்கன்னு ஒரு சீட்டு அனுப்பியிருந்தாப் போதுமேம்மா. எதுக்கும்மா வந்தீங்க?" அவருடைய ஜீப்பிலேயே எங்களை அனுப்பினார்.

மத்தியானம் ஒன்றரை. டாக்டரம்மா பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தையல் நடுவில் விட்டுவிட்டது. குழாயை மறுபடியும் போட்டு வைக்கலாம். தானாக மூடுவது சந்தேகம். ஆறு மாதம் கழித்து மறுபடி தைக்கலாம். தழும்பில் தைப்பது கஷ்டம். உறுதி சொல்ல முடியாது.

"லெட்டரா? ‘வயித்துல ஆபரேஷன்’னு ஒரு வரி எழுதியிருப்பேன். நோயோட பேரை ஏங்க எழுதப் போறேன்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க."

கேட்டிருக்கலாம்.

மாலை ஐந்து மணி. சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாக வந்தார். தங்கச்சியின் கட்டிலில் முதல் கேள்வியை மட்டும் கேட்டார். "குடிச்சியா?" சின்னப்பொண்ணு தன் பையைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். செம்பில் தண்ணீர் நிரப்பி நீட்டினாள். கேலி பேசவில்லை. "குடி புள்ள." கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றாள். தங்கச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

இழந்தவை இவை. அம்மா, வயது ஐம்பத்திரண்டு. தங்கச்சி புருஷன், வயது இருபத்தாறு. உடல் கிடைக்கவில்லை. ஓர் ஆண் பிள்ளை. பெயர் வைக்கவில்லை. தங்கச்சிக்கு இருபத்திரண்டிலிருந்து முப்பத்தெட்டு வரையான வயது. முதல் மூன்றும் போரில் போயின. நாலாவதும் அதில்தான் போனது. பதினோரு உலர்ந்த நாட்கள் என் கையால் போயின.

போர் வண்டி முதலாளி கூப்பிட்டிருந்தார். சத்தீஸ்கர் பக்கம் வேலை, உடனே கிளம்ப வேண்டும் என்று. வரவில்லை என்று சொன்னேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியின் பின்புறம் துணி வெளுக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மூட்டையில் பன்னிரண்டு விரிப்புகள். ஒன்பது காய்ந்திருந்தன. மூன்று நனைந்திருந்தன. அவற்றில் ஒன்று தங்கச்சியுடையது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவள் துணியை நான் துவைத்தேன்.