ஓடைக்கரையில அடிச்ச முளை

முளைக்குச்சியா? எந்த முளைக்குச்சி தம்பி? ஓ, நேத்து பாலத்துகிட்ட ஓடைக்கரையில நீங்க அடிச்சுட்டுப் போனீங்களே, ரிப்பன் எல்லாம் கட்டி, அதுவா? நாலையும் காணோமா? அட பாவமே. மாடு கீடு புடுங்கிப் போட்டிருக்கும். லண்டன்லேர்ந்து எது வந்தாலும் எங்க ஊரு மாட்டுக்குப் பிடிக்கறதில்ல. சும்மா சொன்னேன், சிரிங்க. சிரிச்சா வேலை ஒண்ணும் போயிடாது.

முதல்ல உக்காருங்க. நனைஞ்சு போய் நிக்கிறீங்க. டீ ஊத்தறேன். ஸ்கோன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவவா? வேணாமா? ஆளப் பாத்தா உங்க ஆபீஸ்ல சோறே போட மாட்டாங்க போலிருக்கு. தட்டுல வெக்கறேன், தோணினா எடுத்துக்கோங்க.

சும்மா ஒரு ஆய்வுதானா? ஒரு கம்பம், அது மேல ஒரு கேமரா, லாரி போறத எண்றதுக்கு. வேலி கிடையாது, காவல் கிடையாது. ஆமா ஆமா. போன மாசம் வந்த எம்.பி.யும் இதேதான் சொன்னாரு. புது ரப்பர் பூட்ஸு, விலைச்சீட்டக் கூடப் பிக்கல. பின்னாடி டிவிக்காரங்க. பாலத்து நடுவுல நின்னுக்கிட்டு, ஏம்மா, எல்லை எங்கம்மா இருக்குன்னு என்னைக் கேட்டாரு. நீங்க நிக்கிறதே அது மேலதாங்கய்யான்னேன். ஒரு துள்ளு துள்ளுனாரு பாருங்க! இந்த அயர்லாந்துத் தீவுல பாம்பே கிடையாது, இந்தாளு பாம்ப மிதிச்ச மாதிரி குதிக்கிறாரு. அப்புறம் குனிஞ்சு பாத்து, எந்தக் கால் எந்த நாட்டுலங்கறாரு. இடது கால் அயர்லாந்து, வலது கால் பிரிட்டன், நடுவுல இருக்கறது எந்த நாடுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்கன்னேன். டிவிக்காரங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஆனா அது டிவியில வரல.

அதோ, ஜன்னலோரம் காலியாக் கிடக்குதே ஒரு நாற்காலி, அது மெர்வினுது. மெர்வின் எலியட். எங்களுக்கு அடுத்த பண்ணை. நாங்க கத்தோலிக்கம், அவன் புராட்டஸ்டண்ட். சாதாரண புராட்டஸ்டண்ட் இல்ல, ஜூலை வந்தா தோள்ல பட்டி போட்டுக்கிட்டு, பிரிட்டன் ராணிக்கு விசுவாசம்னு மேளத்துக்குப் பின்னாடி ஊர்வலம் போற ஜாதி. பிரிட்டன் ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய போகணும்னு ஓட்டுப் போட்டவன். நான் இருக்கணும்னு போட்டவ. மூணு வருஷமா தினம் காலையில பால் கறந்து முடிச்சதும் நேரா இங்க வந்துடுவான். டீக்குன்னு நெனைக்காதீங்க. சண்டைக்கு.

ஏண்டா வெளிய போகணுங்கறேன்னு கேட்டா, ப்ரசல்ஸ்ல இருக்கற யூனியன்காரன் வந்து என் புதர் வேலிய அளக்கறான், என் மாட்டுக் காதுல கம்மல் குத்தச் சொல்றாங்கறான். சரிடா, போறேன்னவங்க கிளம்ப வேண்டியதுதானே, மூணு வருஷமா வாசல்ல நின்னு செருப்புத் தேடறாங்களேன்னு நான் கேப்பேன். பேச்சுவார்த்தை நடக்குதுங்கறான். நல்லா நடக்குது! நம்ம பிரதமரம்மா ப்ரசல்ஸ் போய் ஒரு ஒப்பந்தம் கொண்டு வந்தாங்க, சொந்தக் கட்சிக்காரங்களே தோக்கடிச்சாங்க. அதையே தூசி தட்டித் திரும்பக் கொண்டு வந்தாங்க. திரும்பத் தோத்துது. அப்புறம் ஒரு நாளு பார்லிமெண்ட்ல எட்டு யோசனை வெச்சு ஓட்டெடுத்தாங்க, எட்டுமே வேணாம்னுட்டாங்க. கடையில எட்டு சட்டையப் போட்டுப் பாத்துட்டு வெறும் உடம்போட வெளிய வந்த கணக்கா. சபாநாயகர் ஒழுங்கு ஒழுங்குன்னு தொண்டை கிழியக் கத்தறாரு. எங்க கோழிக்கூண்டுல இதவிட ஒழுங்கு உண்டு.

அந்த பேக்ஸ்டாப்னு ஒரு வார்த்தை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். லண்டனும் ப்ரசல்ஸும் எப்படி அடிச்சுக்கிட்டாலும் எங்க ஊருக்கு நடுவுல மறுபடி தடுப்பு வராதுன்னு ஒரு உத்தரவாதம், அவ்வளவுதானே? மெர்வின் அதுக்கும் எதிரி. எங்களை மட்டும் ஏன் தனியா நடத்தணும், நாங்க என்ன பிரிட்டன் இல்லையாங்கறான். அப்ப தடுப்பு வந்துடும்டான்னேன். வராதுன்னான். எப்படி வராது? வராதுன்னு சொல்லியிருக்காங்க. யாருடா சொன்னது? லண்டன்லன்னான். அவன் கப்புல இன்னும் ரெண்டு சக்கரை போட்டுட்டு வந்துட்டேன்.

இல்ல, இன்னைக்கு வரல. நேத்து வந்தான். நீங்க முளை அடிச்சுட்டுப் போன பிறகு, பாலத்துப் பக்கமாத்தான் வந்தான் போல. மூஞ்சி வெளுத்திருந்தது. என்னடா, உங்க லண்டன்காரன் கேமராவோட வந்துட்டானான்னு வம்புக்கு இழுத்தேன். அட்ராக்டான்னு என் பேரச் சொல்லி, அந்த எடத்துலயே முளை அடிச்சிருக்காங்கன்னான். அப்படியே எழுந்து போயிட்டான்.

என்ன எடம்னா... உங்களுக்குத் தெரியாது, நீங்க அப்ப பொறந்திருக்கவே மாட்டீங்க. எழுபதுகள்ல பிரிட்டன் பட்டாளத்துக்காரங்க இந்தப் பாலத்து ரோட்டையே வெடி வெச்சுத் தகர்த்துட்டாங்க. பிரிட்டன எதிர்த்த துப்பாக்கிக்காரங்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகக் கூடாதாம். அவங்க பாட்டுக்கு வயக்காட்டு வழியாப் போயிட்டு வந்துட்டு இருந்தாங்க. நின்னு போனது பால் வண்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களும்தான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஊரே மண்வெட்டியோட போய்ப் பள்ளத்தை மூடும். ரெண்டு நாள்ல மறுபடி வெடி.

எனக்கு வலி எடுத்தப்ப என் வீட்டுக்காரர் ஃபீலிம் சந்தைக்குப் போயிருந்தார். தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து நிமிஷம். சுத்திப் போனா ஒரு காலைப்பொழுது போயிடும். நான் போட்ட சத்தம் கேட்டு மெர்வின் ஓடி வந்தான். அப்ப எங்க ரெண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. டிராக்டர் பின்னாடி டிரெய்லர்ல வைக்கோலப் பரப்பி என்னைத் தூக்கிப் போட்டுக்கிட்டான். பள்ளத்தை ஒதுக்கி ஓடையில இறக்கி ஏத்திடலாம்னு பாத்தான். சக்கரம் சேத்துல புதைஞ்சு போச்சு. அந்தக் கரையிலயே பொறந்துட்டா.

பொண்ணு. அழல. நீலம் பாரிச்சுக் கிடந்தா, ஆனா மூச்சு இருந்துது. டேய், தண்ணி ஊத்துடா, ஞானஸ்நானம் குடுடான்னு நான் கத்தறேன். அது இல்லாம செத்துப் போனா எங்க சாமியார் கல்லறைத் தோட்டத்துக்குள்ள விட மாட்டாரு, வேலிக்கு வெளியதான் புதைக்கணும், அப்ப அப்படித்தான். அவசரத்துக்கு யாரு வேணாலும் குடுக்கலாம். புராட்டஸ்டண்ட் கூட. எனக்கு அந்த மந்திரமெல்லாம் தெரியாதேன்னு அவன் அழறான். நான் சொல்லச் சொல்ல, உள்ளங்கையில ஓடைத் தண்ணிய மொண்டு தலையில ஊத்துனான். பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு முழுசாச் சொன்னான். அவன் முடிச்சப்ப அவ இருந்தா. அப்புறம் இல்ல.

எழுந்திரிக்காதீங்க தம்பி, உங்களை ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு எப்படித் தெரியும், உங்க வரைபடத்துல அதெல்லாம் போட மாட்டாங்க. முளையா? அந்தா, கரி அடுப்புக்குப் பக்கத்துல சாத்தி வெச்சிருக்கேன், எடுத்துட்டுப் போங்க. ரிப்பன் மட்டும் ஒண்ணு கிழிஞ்சு போச்சு. நேத்து இருட்டினதும் நாந்தான் போய்ப் புடுங்கினேன். மெர்வின்கிட்ட கேட்டா அவனேதான் புடுங்கினதா அடிச்சுச் சொல்லுவான், நம்பாதீங்க, அவன் முட்டிக்கு அவனால குனியவே முடியாது. யாராவது வராங்களான்னு பாத்துக்கிட்டு நின்னான், அவ்வளவுதான். நின்னுக்கிட்டு, மறுபடி தேர்தல் வந்தா எவனுக்குமே போட மாட்டேன்னு என்கிட்ட சண்டை வேற.

குழந்தை பேரா? அட, நீங்க ஒருத்தர்தான் கேட்டிருக்கீங்க. ஞானஸ்நானம்னா பேர் சொல்லியாகணுமே. என்ன பேருன்னு நான் யோசிச்சே வெக்கல. அவனுக்கு அந்தப் பதட்டத்துல வாய்ல வந்தது ஒரே ஒரு பொம்பளைப் பேருதான். எலிசபெத். பிரிட்டன் ராணி பேரு! எங்க குடும்பத்துல அந்தப் பேரக் கேட்டாலே எழுந்து வெளிய போயிடுவாங்க. ஊரே கல்லறைக்கல்லுல வேற பேரு போடச் சொல்லுச்சு. ஃபீலிம் கேக்கல. தண்ணி ஊத்தினவன் என்ன பேரு சொன்னானோ அதான் என் மக பேருன்னுட்டார்.