விசிறியை நிறுத்தச் சொன்ன சூசையம்மாள் டீச்சர்

அருள்தந்தை ஜெரால்ட் அவர்களே, எழுமலை பால் சங்கத் தலைவர் பேயாண்டி அண்ணே, செல்லூர்ப் பட்டறைச் சொந்தங்களே! நம் டீச்சரின் அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் உங்கள் செயலாளர் காசிமாயனின் வணக்கம்.

வியர்க்கிறதல்லவா? விசிறி ஏன் சுற்றவில்லை என்று அண்ணாந்து பார்க்கிறீர்கள். சொல்கிறேன், பொறுங்கள். அதோ, திரைக்குப் பின்னால் டீச்சர் பாதியில் விட்டுப்போன பால் தொட்டி நிற்கிறது. "டீச்சரே போயாச்சு, இனி யாரு முடிப்பா? வேற பட்டறைக்குத் தூக்கிருவமா?" என்று நேற்று எழுமலைக்காரர்கள் கேட்டார்கள். கேட்கலாமா அப்படி?

நம் தலைவி சூசையம்மாள் டீச்சர் யார்? மிஷன் பள்ளியில் வேதியியல் நடத்தியவர். கணவர் இறந்ததும் இந்தப் பட்டறையை விற்காமல், சாக்பீஸ் பிடித்த கையில் வெல்டிங் டார்ச்சைப் பிடித்தவர்! "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல?" என்று பேசியவர்களில் பாதிப் பேர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். சிரிக்காதே அசோக்குமார், உன்னையும் சேர்த்துத்தான்!

அது ஒரு சித்திரை வெயில். டீச்சர் கைக்கு வந்த முதல் எவர்சில்வர் தொட்டி. பற்றவைத்த இடமெல்லாம் கறுத்து, பொத்தல் பொத்தலாய் நின்றது. தொட்டி தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான். "ஆர்கான் கேஸ் கெட்டுப்போச்சு டீச்சர்" என்றோம் நாங்கள்.

வந்ததே கோபம்! "அது எப்படிய்யா கெடும்? ஷேர் ஆட்டோல எட்டு சீட்டும் நெறஞ்சிருச்சுன்னா, கை காட்டுனா வண்டி நிக்குமா?"

"நம்மூர்ல நிக்கும் டீச்சர்" என்றான் அசோக்குமார்.

"ஆர்கான் நிக்காதுய்யா! வெளிக்கூட்டுல எட்டு எலக்ட்ரானும் நெறஞ்சு கெடக்கு. யார்கிட்டயும் வாங்கவும் வேணாம், குடுக்கவும் வேணாம். அம்புட்டு சூட்டுலயும் எதோடயும் சேராது. அதனாலதான அத பத்தவைக்கிற எடத்துக்குக் காவலா விடுறோம்? காவல்காரன் நல்லாத்தான் இருக்கான். அவன வெரட்டுறது யாரு?"

அண்ணாந்து பார்த்தார். வெயில் தாங்காமல் நாங்கள் முழு வேகத்தில் ஓடவிட்ட விசிறி! அது ஆர்கானை ஊதித் தள்ள, காற்றில் இருந்த ஆக்சிஜன் பழுக்கக் காய்ந்த எஃகைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிறுத்தினோம். அன்று போட்ட ஜாயின்ட் பளபளவென்று வந்தது! அந்தத் தொட்டியில் இன்றும் பால் நிற்கிறது. உண்டா இல்லையா பேயாண்டி அண்ணே?

இப்போது சொல்கிறேன், யார் முடிப்பார் என்று. டீச்சரின் மகள் ஐரின் டார்ச்சோடு நிற்கிறாள்! கடைசி ஜாயின்ட் ஒன்றுதான் பாக்கி. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். இதுதான் நம் அஞ்சலி. டீச்சர் தொடங்கிய வேலையை நிற்க விடமாட்டோம், இது சத்தியம்!

ஐரின், பத்த வை தாயி! வியர்த்தால் வியர்க்கட்டும், ஒருத்தரும் ஃபேன் சுவிட்சைத் தொடக்கூடாது!