மூன்று பருவச் சீட்டு

வேட்டைக்கு மூன்று வருடத்துப் பருவத்துக்கும் சேர்த்து ஒரே அனுமதிச் சீட்டாகக் கொடுப்பது நல்ல ஏற்பாடு என்றுதான் இப்போதும் சொல்வேன், ஐயா. எங்கள் ஜார்-புலாக்கிலிருந்து இந்த மாவட்ட நகரத்துக்குக் கணவாய் வழியாகப் போய்வர முழுசாக இரண்டு நாள் ஆகும். செப்டம்பரில் மந்தையை மேய்ச்சல் மலையிலிருந்து இறக்குகிற வேலை தலைக்கு மேல் கிடக்கும். அந்த நேரத்தில் ஒரு முத்திரைக்காக ஒரு மனிதன் இங்கே வந்து வரிசையில் நிற்பது என்ன நியாயம்? கடைசியாக நான் நின்றபோது எனக்கு முன்னால் பதினேழு பேர். முத்திரை குத்துகிறவர் சாப்பிடப் போயிருந்தார்.

அதனால், போன வாரம் எங்கள் வேட்டைச் சங்கக் கூட்டத்தில் ஐந்து பேருக்கு மட்டும் இருந்த இந்த ஏற்பாடு இனி எல்லோருக்கும் தொடரட்டும் என்று முடிவானபோது எல்லோரும் என்னிடம் வந்து கை கொடுத்தார்கள். அதற்காக முதலில் எழுந்து பேசியவள் சைகல். செத்துப்போன வனக்காவலன் பெய்ஷெனின் மனைவி. கறுப்புத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தாள். ஆம்பளைகள் கூட்டத்தில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"மூணு வருஷத்துக்குச் சீட்டு குடுத்தா மனுஷன் மாறிப்போயிடுவான்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிக்கிட்டே இருந்தார். அவர் சொன்னது தப்பு. ஒரோஸ் அண்ணனையே பாருங்க. அவர் காணாமப் போன அன்னிக்குக்கூட அண்ணன் பாலத்துல நின்னு எனக்குத் தொடைக்கறி அறுத்துக் குடுத்துட்டுத்தான் போனார். இந்த மாதிரி ஆளுக்குச் சீட்டு குடுக்காம வேற யாருக்குக் குடுப்பீங்க?"

தலைவர் ஷெராலி புதுச் சீட்டில் முதல் சீட்டை என்னிடம்தான் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மனைவி கறியும் அதோடு வேகவைத்த மாவுப்பட்டையும் வைத்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் குதிரைக்குச் சேணம் போட்டு இங்கே வந்துவிட்டேன்.

பெய்ஷென் எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள். சறுக்கி விழுந்தான் என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறது. அதுவும் உண்மைதான்.

அவனும் நானும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வயதுக்காரர்கள் ஒருவரை ஒருவர் என்ன கேலி வேண்டுமானாலும் செய்யலாம். கோபப்படுகிறவன்தான் ஊருக்கு இளப்பம். ஐம்பத்திரண்டு வருடத்தில் அவன்மேல் எனக்கு ஒருமுறைகூடக் கோபம் வந்ததில்லை. அவனைப் போல எனக்கு இன்னொருத்தன் கிடையாது. என் கூடப்பிறந்த தம்பிமேல்கூட அத்தனை பாசம் வைத்ததில்லை. இதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தச் சீட்டைப் பற்றி முதல்முதலாகப் பேச்சு வந்தபோது எதிர்த்து நின்றவன் அவன் ஒருவன்தான்.

"வருஷா வருஷம் சீட்டுக்கு என் கையெழுத்து கேட்டு வந்தீங்கன்னா, வருஷத்துக்கு ஒரு தடவை நான் உங்க ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பாப்பேன்," என்றான். "போன வருஷம் என்ன பண்ணினான்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுடும். மூணு வருஷத்துக்குச் சேர்த்துக் குடுத்துட்டா நான் யார் மூஞ்சியப் பாக்கறது?"

"எங்க மூஞ்சிக்கு என்னடா குறைச்சல்?" என்றேன். "உன் மூஞ்சிய உன் பொண்டாட்டியே பாவப்பட்டுத்தான் பாக்குறா."

கூட்டமே சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு நான் எழுந்து நின்று நிதானமாகப் பேசினேன். நாம் திருடர்கள் இல்லை, இந்த மலை நம்முடையது, நம்மை நம்பினால் நாமும் நம்பிக்கையைக் காப்பாற்றுவோம் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். சோதனையாக ஐந்து பேருக்குக் கொடுப்பது என்று முடிவானது. பருவத்துக்கு ஒரு மலையாடு, கிடா மட்டும். பிடிக்காமல் விட்டது அடுத்த பருவத்துக்குச் சேராது. ஐவரில் ஒருவன் தப்புச் செய்தாலும் ஐந்து சீட்டும் போய்விடும். மற்ற நால்வருக்கும் சேர்த்து நான் ஜாமீன் நின்றேன். எனக்கு யாரும் ஜாமீன் கேட்கவில்லை.

முதல் பருவத்தில் முழங்கால் வலியால் என்னால் மலையேற முடியவில்லை. சும்மா திரும்பினேன். இரண்டாவது பருவம் போன நவம்பர். மேற்குச் சரிவில், காரா-ஜார் பள்ளத்துக்கு மேலே, காலையில் ஐந்து ஆடு நின்றன. கிடாவைச் சுட்டேன். மற்றவை ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. காற்று என் பக்கம் வீசியது, சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. அப்போது என் மனதில் ஒரு எண்ணம் வந்தது. சீட்டில் மூன்று பருவம் இருக்கிறது. போன வருடத்து ஆடு மலையிலேயே நிற்கிறது. அடுத்த வருடம் இந்த முழங்காலோடு இங்கே ஏறுவேனோ என்னவோ. எப்போது எடுத்தால் என்ன, மூன்றும் என் ஆடுதானே. இன்னும் இரண்டு தோட்டா போட்டேன்.

கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டும் பெட்டை.

மூன்று சத்தம் கேட்டால் பெய்ஷென் வராமல் இருப்பானா? அவன் குதிரைக்குக் காலில் காயம், அதனால் நடந்தே வந்தான். அரைமணி நேரத்தில் என் எதிரில் நின்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. முதல் பெட்டையின் மடியைத் தொட்டுப் பார்த்தான்.

"போன வசந்தத்துல குட்டி போட்டதுடா இது," என்றான். "குட்டி எங்கயாவது பக்கத்துல நிக்கும்."

சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தான். மூன்றாவது ஆடு பாறை விளிம்பில் கிடந்தது. அதைப் பார்க்க அவன் இரண்டு அடி இறங்கினான். பனிக்கு அடியில் ஐஸ் இருந்தது, கால் வழுக்கிவிட்டது. நான் தள்ளவில்லை. கையை நீட்டினேன், எட்டவில்லை.

சுற்று வழியாக இறங்கி அவனிடம் போய்ச் சேர்ந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்திருந்தது. ஒரு பாறைக் குடைவுக்குள் இழுத்துப் போட்டேன். என் இடுப்பு வாரைக் கழற்றி, குச்சி வைத்துக் கட்டினேன். ஃபிளாஸ்கில் இருந்த டீயைக் கொடுத்தேன், பையில் இருந்த ரொட்டியைப் பக்கத்தில் வைத்தேன். என் ஆட்டுத்தோல் கோட்டை அவனுக்குப் போட்டுவிட்டேன். கழுத்தில் நரித்தோல் வைத்து என் மனைவி தைத்த கோட்டு அது, ஊரில் எல்லோருக்கும் தெரியும். இதையெல்லாம் செய்தவன் நான்தான், ஐயா.

"வலிக்குதாடா?" என்றேன்.

"சொகமா இருக்கு. நீயும் பக்கத்துல படுத்துப் பாரேன்."

"பெய்ஷென், அந்தப் பெட்டை ரெண்டையும் எழுதாத."

"கால்தானேடா ஒடிஞ்சிருக்கு, கை ஒடியலையே," என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "எழுதித்தான் ஆகணும், ஒரோஸ். முதல்ல என்னைக் கீழ கொண்டு போ. அப்புறம் எங்க வீட்டுல ரெண்டு பேருமா உக்காருவோம். நீ அழு, நான் எழுதுறேன்."

ஆளைக் கூட்டிவரத்தான் இறங்கினேன். சத்தியமாக அதற்குத்தான். கிடாவைக் குதிரைமேல் போட்டுக்கொண்டேன். பெட்டைகளைக் கல்லடுக்கி மறைத்தேன், அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஊர் எல்லைப் பாலத்தில் சைகல் மாட்டை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாள். சேணத்துக்குப் பின்னால் கொம்பைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஷிரால்கா, அண்ணே!"

அந்தச் சொல்லைச் சொல்லி எதிரே நிற்பவருக்கு வேட்டையிலிருந்து வருகிறவன் பங்கு கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காதவனுக்கு மலை மறுபடி இரங்காது என்பார்கள். இறங்கிக் கத்தியை எடுத்தேன். பின்தொடையை அறுத்துக் கொடுத்தேன். அறுக்கும்போது நாக்கு நுனியில் இருந்தது, உன் புருஷன் மேலே கிடக்கிறான், ஆள் கூப்பிடு என்று. அவள் தொடையை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"உங்க சிநேகிதருக்கு இன்னிக்கு நல்ல சோறு. வழியில எங்கயாச்சும் அவரைப் பாத்தீங்களா அண்ணே?"

அப்போது எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். இப்போது சொன்னால் ஊரே மேலே ஏறும். கல்லைப் புரட்டிப் பார்க்கும். நால்வர் சீட்டும் என்னால் போகும். முதலில் அந்த இரண்டையும் பள்ளத்தில் தள்ளிவிட்டு, பிறகு சொல்லலாம். ஒரு மணி நேரம், அதிகமாகப் போனால் இரண்டு மணி நேரம். அவன் தாங்குவான்.

"இல்லம்மா," என்றேன். "மேற்குச் சரிவு பூராவும் நான்தான் சுத்தினேன். அங்க அவன் வரலையே."

வீட்டுக்குப் போய்ச் சுமையை இறக்குவதற்குள் பனி கொட்ட ஆரம்பித்தது. கை நீட்டினால் கை தெரியாது. மறுநாள் ஊரே தேடக் கிளம்பியது. மேற்கே அவன் இல்லை என்று நான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதனால் கிளம்பிய பதினொரு பேரும் கிழக்கே போனார்கள். நான்தான் முன்னால் நடந்தேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். எனக்கு ஒன்பது தேவைப்படவில்லை, அந்த ஒன்றே போதுமாக இருந்தது. அன்றைக்கு முழுதும் குரல் கம்மிப்போகும்வரை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இல்லாத இடத்தில் கூப்பிடுகிறேன் என்று தெரிந்தும் நெஞ்சு வெடித்துத்தான் கூப்பிட்டேன். சைகல் வீட்டு வாசலில் அந்தத் தொடைக்கறி அப்படியே தொங்கியது. அவர் வந்தபிறகுதான் சமைப்பேன் என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் பனி விட்டது. மற்றவர்கள் மறுபடியும் கிழக்கே கிளம்பினார்கள். மேற்கே இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி நான் தனியாக வந்தேன். செத்திருப்பான் என்று நினைத்துத்தான் வந்தேன். அவன் உயிரோடு இருந்தான்.

உதடு கறுத்து வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டான்.

"வந்துட்டியாடா. எத்தனை பேர் வந்திருக்காங்க?"

"பின்னால வராங்க," என்றேன்.

கோட்டுக்குள் கைவிட்டு அந்த நோட்டை எடுத்தான். இதோ, இதுதான். பாருங்கள், அவன் கையெழுத்து உங்களுக்கே தெரியும். 'ஒரோஸ். கிடா ஒன்று. சீட்டில் உள்ளபடி.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறான்.

"பாரு, ஒண்ணுதான் போட்டிருக்கேன்," என்றான். "நீ பயந்துபோய்த்தான் திரும்பி வராம இருக்கன்னு நேத்தே புரிஞ்சுபோச்சு. அதான் எழுதிட்டேன். இனிமே பயப்படாம என்னைத் தூக்கு."

இருபத்தாறு வருட வேலையில் அவன் எழுதிய ஒரே பொய் இதுதான். அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அப்போதே தூக்கியிருக்கலாம். குதிரை கீழேதான் நின்றது. எடையும் பெரிதாக இல்லை, பாதி ஆளாகத்தான் இருந்தான்.

ஆனால் நீங்கள் யோசித்துப் பாருங்கள். ஆட்டைப் பற்றி அவன் சொல்லமாட்டான், சரி. இரண்டு நாள் யார் உன்னை இங்கே விட்டுவிட்டுப் போனது, யார் காலைக் கட்டியது என்று சைகல் கேட்டால் அவன் என்ன சொல்வான்? பேனாவால் ஒரு பொய் எழுதினான். வாயால் சொல்ல அவனுக்கு வராது. ஆட்டுக்காகச் சீட்டுதான் போயிருக்கும். இதற்கு நான் ஊரில் எப்படி நடமாடுவேன்? பாலத்தில் சொன்ன அந்த ஒரு வார்த்தையை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவேன்? நிதானமாகத்தான் யோசித்தேன். காலில் கட்டியிருந்த வாரை அவிழ்த்தேன், வேறு நல்லதாகக் கட்டவேண்டும் என்றேன். நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அங்கே என்னுடையதாக மிச்சம் இருந்தது கோட்டு ஒன்றுதான்.

"மேல ஏறி அவங்களுக்குக் கை காட்டிட்டு வரேன்டா," என்றேன். "ரொம்பக் குளிருது."

அதற்குமேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான். விரல் மடங்கவில்லை, ஒவ்வொரு பொத்தானுக்கும் நேரம் பிடித்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"போட்டுக்க. மேல காத்து ஆளையே தூக்கும்," என்றான். "எனக்கென்ன, அதான் எல்லாரும் வந்துட்டாங்களே."

எட்டு நாள் கழித்துதான் ஊரார் அவனைக் கண்டெடுத்தார்கள். பாடையை முன்னால் பிடித்தவர்களில் நானும் ஒருவன். அவனைக் கொன்றது நான்தான், அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் கோட்டைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் கவனமாக எழுதுங்கள், ஐயா. நான் பிடுங்கவில்லை. கேட்கக்கூட இல்லை. அவனாகத்தான் கழற்றிக் கொடுத்தான்.