தோற்கிறதுக்குப் பொரிச்ச ரோல்ஸ்

ஆஹென் நகரத்தில் இருந்து கொலோன் நகரத்துக்குப் போற ரெயினில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தாயின் மடியில் ரோல்ஸ் பெட்டி. மகள் படிக்கிற யூனியில், அதுதான் பல்கலைக்கழகத்தில், பெண்கள் வொலிபோல் ரீமின் கப்டனாம். நான் யன்னலைப் பார்க்கிற மாதிரி இருந்து காதைக் குடுத்தேன்.

"அந்தப் பெரிய லீக்கில சேர்த்தா வெல்லுவியளோ?"

"இல்லையம்மா. எல்லா மட்சும் தோற்பம்."

"தோற்கிறதுக்கோ நான் விடிய எழும்பிப் பொரிச்சனான்?"

"இப்ப இருக்கிற லீக்கில எல்லாரையும் சும்மா வெல்லுறம். அலுத்துப்போய் ரெண்டு நல்ல பிள்ளையள் விட்டிட்டினம். இனி ஒருத்தி போனாலும் ரீம் உடைஞ்சிடும்."

"சேர்க்கச் சொல்லி அன்ராக் எழுதிக் குடுத்தனீதானே?"

"ஓம். ஆனா அந்த லீக்கில இருக்கிற யூனிக்காரர் இண்டைக்குக் கூட்டத்தில எங்களைச் சேர்க்கக் கை உயர்த்தோணும். அதுக்குத்தானே ரோல்ஸ்."

"ஆர் அதில வலு கெட்டிக்காரர்?"

"கொலோன். எங்களைத் துவைச்சு எடுப்பினம்."

தாய் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கொண்டு போகப்போறார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப கொலோன் பிள்ளையளுக்கு ரெண்டு ரெண்டாக் குடு," என்றார். "வடிவாச் சாப்பிட்டிட்டு வந்து அடிக்கட்டும்."